நாஸ் பெட்டி இறுகுதா? ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் பாவிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாஸ் என்பது வீட்டு நெட்வேர்க்கில் இணைத்து, கோப்புகளை எல்லாக் கருவிகளுக்கும் கொடுக்கும் டிஸ்க் பெட்டி. அதைச் செய்யும் நிறுவனமான சினாலஜி, 2024 ஓகஸ்டில் வந்த டிஎஸ்எம் 7.2.2 என்ற இயங்குதளத்துடன், படம் காட்டும் தனது வீடியோ ஸ்டேஷனைக் கைவிட்டது. அதைப் பாவித்த பலர் அதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற மென்பொருள்களுக்கு மாறினார்கள். கூடவே ஒரு முறைப்பாடும் வந்து சேர்ந்தது: படம் போட்டால் பெட்டி இறுகுது, அதாவது திணறி நிற்குது. ஏறாவூரில் கேட்டாலும் பொத்துவிலில் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே இருக்கின்றன. முதல் இரண்டையும் வாசிக்காமல் கீழே தாவினால் மற்றப் பதில்கள் பாதிதான் விளங்கும்.

1. நாஸ் எண்டா ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டிதானே. ஒரு படம் காட்டுறதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?

கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டும் என்றால் மூச்சு வாங்காது. விநாடிக்கு 60 மெகாபிட் உள்ள ஒரு 4கே படத்துக்கு டிஸ்க் கொடுக்க வேண்டியது விநாடிக்கு 7.5 மெகாபைட்தான். பழைய டிஸ்க்கூட 100 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்கும். களஞ்சியத்திலிருந்து நெல் மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிற வேலை அது. டீவி நெல்லை ஏற்காமல் சோறுதான் கேட்கிறது என்றால், குற்றிப் புடைத்துச் சமைக்க வேண்டியதும் அதே பெட்டிதான். இறுகுவது அந்த இடத்தில்.

படத்தைக் கொடுக்கும் வழி மூன்று. கோப்பை உள்ளபடியே கொடுப்பது டைரக்ட் ப்ளே. உள்ளே இருக்கும் படத்தைத் தொடாமல், எம்கேவி போன்ற உறையை மட்டும் மாற்றிக் கொடுப்பது டைரக்ட் ஸ்ட்ரீம்; இதற்கும் பெரிய வேலை இல்லை. மூன்றாவது ட்ரான்ஸ்கோட். ஒவ்வொரு ஃப்ரேமையும் விரித்து, சின்னதாக்கி, திரும்பச் சுருக்க வேண்டும். ஒரு 4கே ஃப்ரேமில் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். விநாடிக்கு 24 ஃப்ரேம். இரண்டு கோர் உள்ள சின்னச் சிப் அதைச் செய்யும்போது வேறு எதுவும் செய்ய முடியாது.

2. இப்ப உள்ளுக்க என்ன நடக்குது எண்டு எங்க பாக்கிறது?

பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே பாருங்கள். ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ப்ளெக்ஸில் டாஷ்போர்டைத் திறந்தால் ஓடும் படத்துக்குக் கீழே வீடியோ, ஓடியோ இரண்டுக்கும் தனித்தனியாக டைரக்ட் ப்ளேயா ட்ரான்ஸ்கோடா என்று இருக்கும். ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் ஓடும் கருவியின் தகவல் குறியைத் தட்டினால் ட்ரான்ஸ்கோடுக்கான காரணமும் வரும்: ஓடியோ வகை ஒத்துவரவில்லை, சப்டைட்டில் ஒத்துவரவில்லை, வேகம் வரம்பைத் தாண்டுகிறது என்று. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் ராம் வாங்குவதும் பெட்டி மாற்றுவதும் வீண் செலவு.

இரண்டாவது இடம் நாஸின் ரிசோர்ஸ் மொனிட்டர். அதில் மொத்தச் சிபியு வீதத்தை மட்டும் பார்க்காமல், எந்தப் பெயருள்ள வேலை அதைத் தின்கிறது, டிஸ்க் எவ்வளவு பிஸி என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டு இடங்களையும் நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

3. படம் தொடங்கின உடன சிபியு 100 காட்டுது, மறுகா இறங்குது, திரும்ப ஏறுது. பெட்டி பழுதா?

பழுதில்லை. ட்ரான்ஸ்கோட் நடக்கும்போது ப்ளெக்ஸ் முன்கூட்டியே ஒரு 60 விநாடி அளவு சமைத்து வைத்துவிட்டு ஓய்வெடுக்கும்; அது குறைந்ததும் திரும்ப அடுப்பை மூட்டும். அதனால்தான் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. படம் நிற்காமல் ஓடினால் விட்டுவிடுங்கள். 100இல் ஏறி இறங்காமலே நின்று, படமும் சுற்றிக்கொண்டிருந்தால், பெட்டி பார்ப்பவரின் வேகத்துக்குச் சமைக்க முடியாமல் பின்தங்குகிறது.

4. அதே படம் என்ட போன்ல நல்லா ஓடுது. வாப்பாட டீவில போட்டா மட்டும் பெட்டி சூடேறுது. ஏன்?

கோப்பு ஒன்றுதான், வாய்தான் வேறு. எச்.264, எச்இவிசி இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள்; எச்இவிசி புதியது. புதிய போன் எச்இவிசியை நேரே விளங்கிக்கொள்ளும். பத்து வருசம் தாண்டிய பல டீவிகள் எச்.264 மட்டும்தான் அறியும். சாம்சங் 2018 தொடக்கம் வந்த டீவிகளில் டிடிஎஸ் என்ற ஓடியோ வகையை எடுத்துவிட்டது. ஓடியோவை மட்டும் மாற்றுவது சின்ன வேலை, அதற்குப் பயப்படத் தேவையில்லை. டாஷ்போர்டில் வீடியோ வரியிலும் ட்ரான்ஸ்கோட் என்று இருந்தால்தான் கவலை.

முதலில் டீவிச் செயலியின் குவாலிட்டி செட்டிங்கைப் பாருங்கள். அது 'ஒரிஜினல்' அல்லது 'மெக்சிமம்' இல்லாமல் 720பி, 4 மெகாபிட் என்று கிடந்தால், டீவியால் முடிந்தாலும் பெட்டி மாற்றித்தான் கொடுக்கும். பாதிப் பேருக்கு இதிலேயே தீரும் என்று தைரியமாகச் சொல்லலாம். ப்ரவுசரில் போட்டுச் சோதிக்க வேண்டாம். எம்கேவியும் எச்இவிசியும் டிடிஎஸ்ஸும் அங்கே ஒத்துவராமல் போவது சாதாரணம். ப்ரவுசர் திணறினால் டீவியும் திணறும் என்று அர்த்தமில்லை.

5. சப்டைட்டில் போட்டா மட்டும் இறுகுது. ரெண்டு வரி எழுத்துக்கு இவ்வளவு பாரமா?

எழுத்தாக இருந்தால் பாரமில்லை. ப்ளூரேயில் இருந்து வரும் பிஜிஎஸ்ஸும் டிவிடியில் இருந்து வரும் வோப்சப்பும் எழுத்தல்ல, படங்கள். அதைக் காட்டத் தெரியாத டீவிக்கு, நாஸ் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்தப் படத்தை ஒட்டி முழுப் படத்தையும் திரும்பச் சுருக்க வேண்டும். அதுவரை டைரக்ட் ப்ளேயில் சும்மா இருந்த பெட்டி ஒரு தட்டில் 4கே ட்ரான்ஸ்கோடுக்குப் போய்விடும். ஏஎஸ்எஸ் என்ற சப்டைட்டில் வகை எழுத்துதான், ஆனாலும் நிறமும் அசைவும் உள்ளதால் பல டீவிகளில் அதையும் ஒட்டத்தான் வேண்டிவரும்.

தீர்வு எஸ்ஆர்டி, அதாவது வெறும் எழுத்துச் சப்டைட்டில். படக் கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே, அதே பெயரில், தமிழுக்குரிய டி-ஏ என்ற இரண்டெழுத்துக் குறியைப் புள்ளிக்குப் பின் சேர்த்து எஸ்ஆர்டி கோப்பாக வையுங்கள். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால்தான் தமிழ் எழுத்துகள் கட்டங்களாக மாறாமல் வரும். ப்ளெக்ஸ் செயலியில் 'பேர்ன் சப்டைட்டில்ஸ்' என்பது 'ஆல்வேஸ்' இல் இருந்தால் எஸ்ஆர்டியைக்கூட ஒட்டும். 'ஒன்லி இமேஜ் ஃபோர்மட்ஸ்' ஆக்குங்கள். ஆங்கில பிஜிஎஸ்தான் இருக்கிறது என்றால் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் அதை வாசித்து எஸ்ஆர்டி ஆக்கித் தரும்.

6. 4கே படமெல்லாம் ஓடுது, தங்கச்சிட கலியாண வீடியோ மட்டும் ஓடுதே இல்ல. கெமராக்காரன் பிழையாத் தந்திட்டானா?

பிழை இல்லை. அவர் தந்தது பார்ப்பதற்கான கோப்பு அல்ல, எடிட் பண்ணுவதற்கான கோப்பு. இப்போதைய கெமராக்கள் எச்.264 இலேயே 10 பிட், 4:2:2 என்ற நிறக் கணக்கில் எழுதும். அந்த வகையை நாஸில் உள்ள சின்ன இன்டெல் சிப்பின் வீடியோப் பகுதி விரிக்காது, டீவியும் விரிக்காது. அதனால் 7ஆவது பதிலில் வரும் ஹார்ட்வெயார் வசதி இருந்தாலும், விரிக்கும் பாரம் முழுக்கச் சிபியுவின் தலையில் விழும். எடிட் பண்ணி முடித்த கோப்பு என்றாலும் 4கே, விநாடிக்கு 50 ஃப்ரேம், 100 மெகாபிட் என்று ஏற்றுமதி செய்திருப்பார்கள். மூன்று மணித்தியால வீடியோ அப்படி 135 ஜிகாபைட் வரும்.

நாஸை மாற்றாதீர்கள், கோப்பை மாற்றுங்கள். வீடியோவை மாற்றும் ஹேண்ட்ப்ரேக் என்ற இலவச மென்பொருளை லெப்டொப்பில் போட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரிசெட்டைத் தெரிவுசெய்யுங்கள். உறை எம்பி4. வீடியோ எச்.264, அதில் 10 பிட் என்று எழுதாதது. குவாலிட்டி ஆர்எஃப் 20. மூலக் கோப்பு 50 ஃப்ரேம் என்றால் ஃப்ரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். சரிபாதி என்பதால் பல்லக்கு வரும்போது அசைவு தடுக்காது. 30இல் விட்டால் தடுக்கும். ஓடியோ ஏஏசி, ஸ்டீரியோ. 'வெப் ஒப்டிமைஸ்ட்' பெட்டியில் சரி போடுங்கள். இரவு தொடங்கிவிட்டால் விடியலாம். லெப்டொப் தூங்கிவிடாமல் ஸ்லீப்பை நிறுத்தி, சார்ஜரில் போட்டு வையுங்கள்.

விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் வந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு 11 ஜிகாபைட்டுக்குள் நிற்கும், எந்த டீவியிலும் நேரே ஓடும். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். லைப்ரரிக்கு வெளியே வேறு கோப்புறையில் வையுங்கள். உள்ளே இருந்தால் 9ஆவது பதிலில் சொல்லும் இரவு வேலைகள் அதையும் பிடித்து மெல்லும். மாமாங்கத் தீர்த்தத்துக்கு எடுத்த பழைய டிவிடிகளுக்கும் இதே வழிதான். அவை 576 வரி, இன்டர்லேஸ்ட், அதாவது ஒன்றுவிட்ட வரிகளாக எடுத்தவை. ஹேண்ட்ப்ரேக்கில் டீஇன்டர்லேஸ் போடாவிட்டால் ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும்.

7. ஹார்ட்வெயார் ட்ரான்ஸ்கோடிங் போட்டா எல்லாம் சரியாகுமாமே. என்ட பெட்டில அது இருக்கா?

சிபியுவுக்குப் பதிலாக, சிப்பில் உள்ள தனி வீடியோப் பகுதியே படத்தை மாற்றுவதுதான் அது. விலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, சிப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சினாலஜியில் டிஎஸ்220+, டிஎஸ்224+, டிஎஸ்423+, டிஎஸ்920+ ஆகியவற்றில் இன்டெல் செலரோன், அதனோடு வீடியோப் பகுதியும் உண்டு. டிஎஸ்920+ க்கு அடுத்ததாக வந்த டிஎஸ்923+ இல் ஏஎம்டி ஆர்1600. அதில் வீடியோப் பகுதியே இல்லை. டிஎஸ்223, டிஎஸ்223ஜே போன்றவற்றில் இருப்பது ரியல்டெக் ஆர்ம் சிப். அதில் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். கூடக் காசு கொடுத்து 923+ வாங்கிவிட்டுப் படம் ஓடவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

ப்ளெக்ஸில் இதற்கு ப்ளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வேண்டும். ஜெல்லிஃபினில் இலவசம். போட்ட பிறகு ப்ளெக்ஸ் டாஷ்போர்டில் ட்ரான்ஸ்கோட் என்பதற்குப் பக்கத்தில் எச்-டபிள்யூ குறி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் செட்டிங்கில் சரி போட்டிருந்தாலும் அது வேலை செய்யவில்லை. எல்லை ஒன்றும் உண்டு: டிஎஸ்224+ இல் உள்ள ஜே4125 போன்ற சிப் எச்இவிசி 10 பிட்டை விரிக்கும், ஏவி1 என்ற இன்னும் புதிய சுருக்க முறையை விரிக்காது. ஒளியும் நிறமும் கூடிய எச்டிஆர் படத்தைச் சாதாரண டீவிக்கு மாற்றும்போதும், 5இல் சொன்ன சப்டைட்டில் ஒட்டும்போதும் அதற்கும் மூச்சு முட்டும்.

8. டொக்கர்ல ஜெல்லிஃபின் போட்டன். ஹார்ட்வெயார ஒன் பண்ணினா படமே வருதில்ல.

டொக்கர் ஒரு மென்பொருளைக் கொன்டெய்னர் என்ற தனி அறைக்குள் பூட்டி ஓட்டும். இரண்டு காரணங்கள். கொன்டெய்னருக்குள் வீடியோப் பகுதி தெரியவில்லை. நாஸின் டெவ் கோப்புறைக்குள் இருக்கும் டிஆர்ஐ என்ற வீடியோப் பகுதியின் வாசலைக் கொன்டெய்னருக்குள் கருவியாகக் கொடுத்து, அதை வாசிக்க அந்தப் பயனருக்கு அனுமதியும் கொடுக்க வேண்டும். மற்றது, ப்ளேபேக் செட்டிங்கில் கண்ட எல்லா வகைக்கும் சரி போட்டிருப்பது. சிப்பால் முடியாத ஏவி1க்குச் சரி போட்டால் ஜெல்லிஃபின் அதை நம்பிச் சிப்பிடம் கொடுக்கும், சிப் கைவிரிக்கும், திரையில் பிழைச் செய்தி. சரியை எடுத்தால் மெதுவாகவாவது சிபியு செய்யும்.

9. ஒருத்தரும் படம் பாக்கல்ல. ராவைக்கு ரெண்டு மணி போல டிஸ்க் கடகட எண்டு சத்தம், விடிஞ்சாத்தான் நிக்குது.

ப்ளெக்ஸின் பராமரிப்பு நேரம் மாற்றாமல் விட்டால் அதிகாலை 2 முதல் 5 வரை. அந்த நேரத்தில் அது முன்னோட்டப் படங்கள் எடுக்கும், தொடர்களின் தொடக்க இசை எங்கே முடிகிறது, முடிவுப் பெயர்கள் எங்கே தொடங்குகின்றன என்று தேடும். படத்தை இழுக்கும்போது மேலே தெரியும் அந்தச் சின்னப் படங்கள்தான் மிகப் பெரிய வேலை. ப்ளெக்ஸ் 2 விநாடிக்கு ஒன்று எடுக்கும். இரண்டு மணித்தியாலப் படத்துக்கு 3600. ஜெல்லிஃபின் 10.9 இலிருந்து ட்ரிக்ப்ளே என்ற பெயரில் 10 விநாடிக்கு ஒன்று. அதே படத்துக்கு 720. இதற்காக ஒவ்வொரு படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 500 படம் உள்ள புது லைப்ரரி என்றால் வாரக்கணக்கில் இழுக்கும்.

முன்னோட்டப் படத்தை நிறுத்துங்கள். அது இல்லாமல் யாரும் செத்துப்போவதில்லை. தொடக்க இசைத் தேடலை நாடகத் தொடர் லைப்ரரிக்கு மட்டும் வையுங்கள். லைப்ரரியை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முழுதாக ஸ்கேன் பண்ணும்படி விட்டிருந்தால், அதை நாளுக்கு ஒன்றாக்கி, மாறிய கோப்புறையை மட்டும் பார்க்கும் பகுதி ஸ்கேனைப் போடுங்கள்.

நாஸின் சொந்த வேலைகளும் அதே இரவு நேரத்துக்குத்தான் குவியும்: போன்களின் படங்களில் முகம் தேடுவது, வெளி டிஸ்க்குக்கு பேக்கப், வைரஸ் ஸ்கேன், ரெய்ட் ஸ்க்ரப் (சேர்ந்து இயங்கும் டிஸ்க்குகளின் தரவை முழுதாகச் சரிபார்ப்பது). ஒவ்வொன்றுக்கும் வேறு நாள், வேறு நேரம் கொடுங்கள். ஸ்க்ரப் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போதும். அது ஓடும் நாளில் மற்றவற்றை நிறுத்திவிடுங்கள்.

10. சிபியு 15 வீதம்தான் காட்டுது. ஆனா மெனு திறக்கவே ஒரு நிமிசம். லோட் எண்டு 9 போட்டிருக்கு. அது என்ன?

லோட் என்பது வரிசையில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கை. நான்கு கோர் உள்ள பெட்டியில் 4 வரை சமாளிக்கலாம். லினக்ஸ் இதில் சிபியுவுக்குக் காத்திருப்பவற்றோடு டிஸ்க்குக்குக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணும். சிபியு சும்மா, லோட் 9 என்றால் எல்லாரும் டிஸ்க்கின் வாசலில் நிற்கிறார்கள். ரிசோர்ஸ் மொனிட்டரில் ஐஓ வெயிட், அதாவது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம், உயர்ந்திருக்கும்.

ப்ளெக்ஸும் ஜெல்லிஃபினும் போஸ்டர், விவரம், பார்த்த இடம் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளிலும் ஒரு டேட்டாபேஸிலும் வைக்கின்றன. சுழலும் டிஸ்க்குக்குப் பெரிய கோப்பை நேராக வாசிப்பது சுகம். சின்னச் சின்னதாகத் தாவுவது நரகம். மென்பொருளின் அந்தத் தரவுக் கோப்புறையை ஒரு சின்ன எஸ்எஸ்டிக்கு மாற்றினால் மெனு உடனே திறக்கும். படங்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். ட்ரான்ஸ்கோடின் தற்காலிகக் கோப்புறையையும் எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். 2 ஜிகாபைட் ராம் உள்ள பெட்டியில் அதை ராமுக்குள் வைக்க ஆசைப்பட வேண்டாம். ராம் நிரம்பி டிஸ்க்கையே ராமாகப் பாவிக்கத் தொடங்கும், லோட் இன்னும் ஏறும்.

டிஸ்க் வகையையும் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க், தொடர்ந்து எழுதும்போது உள்ளே தடங்களை அடுக்கித் திரும்ப எழுதுவதால் நின்று நின்று போகும். 2020இல் டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சிலவற்றில் இது இருப்பது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான், தடங்களை அப்படி அடுக்காத சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் ப்ளஸ் என்ற பெயரில் வந்தன. கடையில் ரெட் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

11. பெட்டி சும்மாதான் இருக்கு, டைரக்ட் ப்ளே எண்டும் போட்டிருக்கு. படம் மட்டும் சுத்திக்கொண்டு நிக்குது.

அப்படியென்றால் நாஸில் குற்றமில்லை, வழியில். நிறைய டீவிகளின் லேன் துவாரம் 100 மெகாபிட்தான், புது டீவியிலும்கூட. சுருக்காத 4கே ப்ளூரே கோப்பு சண்டைக் காட்சியில் அதைத் தாண்டும். அந்த டீவிக்கு வயரைவிட 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை வேகமாக இருக்கலாம்; மாற்றிப் பாருங்கள்.

நாஸுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வயரையும் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தொட வேண்டும். நான்கு கம்பி மட்டும் அடித்த தலையோ, துருப்பிடித்த ஒரு கம்பியோ இருந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கல்லடி, சாய்ந்தமருது மாதிரிக் கடலோர வீடுகளில் வயர்த் தலையில் பச்சை படிவது புதினமல்ல. நாஸின் நெட்வேர்க் பக்கத்தில் 1000 என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

12. கரண்ட் போய் வந்தா அரை நாளைக்குப் பெட்டி பாவிக்க ஏலாம இருக்கு.

கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. ரெய்ட் தன்னைச் சரிபார்க்கும், ப்ளெக்ஸ் தொடக்க ஸ்கேன் போடும், வீட்டுப் போன்கள் எல்லாம் வைஃபை கண்டதும் பேக்கப் தொடங்கும். 10இல் சொன்ன வரிசை இதுதான். தொடக்கத்தில் ஸ்கேன் பண்ணும் தெரிவை எடுத்துவிட்டாலே பாதிக் கூட்டம் குறையும்.

உண்மையான மருந்து யூபிஎஸ். இரண்டு டிஸ்க் பெட்டி ஓடும்போது 15 வாட் அளவுதான் எடுக்கும், ரவுட்டரோடு சேர்த்தாலும் 30க்குள். கொம்பியூட்டருக்கு விற்கும் 650 விஏ யூபிஎஸ் தாராளம். ஆனால் யூஎஸ்பி துவாரம் உள்ளதாக வாங்கி, அந்த வயரை நாஸில் குத்தி, கன்ட்ரோல் பெனலில் யூபிஎஸ்ஸை ஒன் பண்ணி, 5 நிமிசத்தில் தானாக அணையும்படி வையுங்கள். வயர் குத்தாத யூபிஎஸ் சாவைச் சற்றுப் பின்போடும், அவ்வளவுதான். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்கக் கரண்ட் போனதுபோல நீண்டால் பற்றரி முடிந்து பெட்டி சடாரென்று அணைந்துவிடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் டேட்டாபேஸ் உடையும். ப்ளெக்ஸ் மூன்று நாளுக்கு ஒரு தடவை அதற்குப் பிரதி எடுத்து, தன் டேட்டாபேஸ் கோப்புறையிலேயே திகதியோடு வைக்கும். ப்ளெக்ஸை நிறுத்தி, உடைந்ததை வேறு பெயருக்கு மாற்றி, கடைசிப் பிரதியை அதன் பெயருக்குக் கொண்டுவந்தால் போதும். லைப்ரரியை அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

13. லைப்ரரில இருந்த படமெல்லாம் ஒரே நாளில காணாமப் போய், மறுகா எல்லாத்தையும் முதல்ல இருந்து ஸ்கேன் பண்ணுது!

படங்கள் யூஎஸ்பி டிஸ்க்கில் இருக்கின்றனவா? கரண்ட் போய் வந்தபோது அந்த டிஸ்க் எழும்பப் பிந்தியிருக்கும். ப்ளெக்ஸ் வெறும் கோப்புறையைப் பார்த்து, எல்லாம் அழிந்துவிட்டது என்று நம்பி, தன் பதிவிலிருந்தும் நீக்கிவிட்டது. டிஸ்க் வந்ததும் எல்லாம் புதுப் படங்களாகத் தெரிய, 9இல் சொன்ன வேலை அத்தனையும் திரும்பத் தொடங்குகிறது. செட்டிங்கில் லைப்ரரிப் பகுதியில் 'ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் ட்ரேஷைத் தானாகக் காலியாக்கு' என்ற தெரிவை எடுத்துவிடுங்கள். மறுமுறை டிஸ்க் பிந்தினாலும் படங்கள் கிடைக்கவில்லை என்ற குறியோடு இருக்கும், டிஸ்க் வந்ததும் திரும்பும்.

14. கச்சான் காலத்தில மட்டும் படம் இடையில நிக்குது. மாரியில ஒரு கரைச்சலும் இல்ல.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறைச் சூடே 35ஐ நெருங்கும். டீவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட தட்டில் பெட்டி இருந்தால் உள்ளே இன்னும் கூட. சிப் சூடானால் தானே வேகத்தைக் குறைக்கும். மாரியில் கஷ்டப்பட்டு ஓடிய ட்ரான்ஸ்கோட் கச்சானில் பின்தங்கிவிடும். டிஸ்க் சூடு 45க்குள் நின்றால் நல்லது. 50க்கு மேல் நாள்கணக்கில் நிற்க விடாதீர்கள்.

கதவைத் திறந்து விடுங்கள், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி கொடுங்கள், ஃபேனை அமைதி நிலையிலிருந்து குளிர்ச்சி நிலைக்கு மாற்றுங்கள். ஆனால் ஜன்னலோரம் வேண்டாம். கச்சானோடு வரும் புழுதி இரண்டு மாதத்தில் ஃபேன் இதழில் படை மாதிரிப் பிடிக்கும். பெட்டியை அணைத்து, இதழை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடையுங்கள்.

15. பெருநாளைக்கு மேல் வீடு, கீழ் வீடு எல்லாரும் ஒரே நேரத்தில போட்டா என்ன செய்யிற?

டைரக்ட் ப்ளே நான்கு பேர் என்றாலும் பெட்டி தாங்கும். ஒரு ட்ரான்ஸ்கோட் நுழைந்தாலே எல்லாருக்கும் கெடும். ஜெல்லிஃபினில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக, வீடியோ ட்ரான்ஸ்கோட் தேவைப்படும் படத்தை ஓட்டும் அனுமதியை எடுத்துவிடலாம். ப்ளெக்ஸில் ட்ரான்ஸ்கோடர் பக்கத்தில் ஒரே நேரத்தில் எத்தனை என்ற வரம்பு உண்டு, முழுதாக நிறுத்தும் தெரிவும் உண்டு. நிறுத்தினால் ஒத்துவராத படம் ஓடாது. பிழைச் செய்தி வரும். கோபிப்பவருக்கு 6ஆவது பதிலைக் காட்டுங்கள்.

16. வீட்டில எல்லாம் சரி. கட்டார்ல இருக்கிற மகன் பாக்கக்குள்ள மட்டும் பெட்டி இறுகுது.

வெளியிலிருந்து பார்க்கும்போது செயலிகள் வேறு குவாலிட்டி வரம்பைப் பாவிக்கும்; பலவற்றில் அது 720பி, 2 மெகாபிட் என்றே கிடக்கும். அதோடு வீட்டு ரவுட்டர் 4ஜி என்றால் வெளியிலிருந்து நேரே வரக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்காமல், ப்ளெக்ஸ் தன் சொந்த இடைவழியான ரிலே வழியாக அனுப்பும். அதன் எல்லை ப்ளெக்ஸ் பாஸ் இல்லாத கணக்குக்கு 1 மெகாபிட், ப்ளெக்ஸ் பாஸுக்கு 2 மெகாபிட். அந்தக் குழாய்க்குள் எதை அனுப்பினாலும் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். 2025 ஏப்ரல் 29 முதல் வெளியிலிருந்து வீடியோ பார்க்கவே ப்ளெக்ஸ் சந்தா தேவை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மகன் பார்க்கக்கூடிய படங்களுக்கு 720பி, 2 முதல் 3 மெகாபிட்டில் சின்னப் பிரதி ஒன்றை ஹேண்ட்ப்ரேக்கில் முன்கூட்டியே செய்து தனி லைப்ரரியாக வையுங்கள். இணைப்புக்கு, கருவிகளைத் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை நாஸிலும் அவருடைய போனிலும் போட்டால் பொது ஐபி இல்லாமலே வீட்டுக்குள் இருப்பதுபோல வரலாம். ஜெல்லிஃபினுக்கு இதுதான் நல்ல வழி. ரவுட்டரில் துவாரம் (போர்ட்) திறந்து நாஸின் நிருவாகப் பக்கத்தை வெளியில் விடவே வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

17. ஆளும் பாக்கல்ல, ஸ்கேனும் இல்ல, டாஸ்க் எல்லாம் நிப்பாட்டியாச்சு. அப்பவும் சிபியு 50க்குக் குறையுதில்ல.

ப்ளெக்ஸையும் ஜெல்லிஃபினையும் முழுதாக நிறுத்திவிட்டு 10 நிமிசம் பாருங்கள். குறைந்தால் மறைந்திருந்த வேலை ஒன்று. ப்ளெக்ஸ் முன்னோட்டப் படத்துக்கும் ட்ரான்ஸ்கோடர் என்ற அதே பெயரைத்தான் பாவிக்கும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். குறையாவிட்டால், வெளியில் திறந்து வைத்த பெட்டி என்றால், வேறு யாரோ பாவிக்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும்.

2021 டிசம்பரில் நாஸ் செய்யும் க்யூநாப் நிறுவனமே எச்சரித்தது: ஊம்-ரீப்பர் என்ற, லினக்ஸின் சொந்த வேலை போன்ற பெயரில் ஒளிந்து, பிட்கொயின் தோண்டும் நிரல் சிபியுவில் பாதியைத் தின்கிறது என்று. அடுத்த மாதமே டெட்போல்ட் என்ற தீநிரல் வந்து, இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சந்தேகம் வந்தால் முதலில் ரவுட்டரில் திறந்த துவாரங்களை மூடுங்கள், பிறகு நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொற்களை மாற்றி, அதன் சொந்த மல்வேர் நீக்கியை ஓட்டுங்கள்.

18. கடைசியா, மினி பிசி வாங்கிற நல்லமா, புது நாஸ் வாங்கிற நல்லமா?

ஒரே டீவிக்கு மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். 4கே ஓடக்கூடிய அண்ட்ரோய்ட் டீவிப் பெட்டியில் கோடி (Kodi) என்ற இலவசச் செயலியைப் போட்டு, நாஸின் கோப்புறையை நேரே திறந்து பாருங்கள். சப்டைட்டிலையும் அதுவே வரையும். நாஸ் மூட்டை தூக்குவதோடு நிற்கும். பல டீவி, வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று இருந்தால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி. நான்கு கோர், ஏவி1ஐயும் விரிக்கும், கரண்டும் கொஞ்சம்தான். நல்ல நாஸ் டிஸ்க்கோடு இருக்கும்போது, படம் மாற்றுவதற்காக மட்டும் புது நாஸ் வாங்குவது அரிசி ஆலைக்காகக் களஞ்சியத்தையே இடித்துக் கட்டுவது மாதிரி.

மினி பிசியில் ப்ளெக்ஸையோ ஜெல்லிஃபினையோ நிறுவி, நாஸில் உள்ள படக் கோப்புறையை, நெட்வேர்க் வழியாகக் கோப்புறையைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் இணையுங்கள். வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், அப்போது பிள்ளைகள் யாரும் செயலியில் தவறி அழிக்க முடியாது. தரவுக் கோப்புறை மினி பிசியின் எஸ்எஸ்டியில் இருப்பதால் 10இன் பிரச்சினையும் அதோடு போய்விடும். கரண்ட் வந்ததும் மினி பிசி நாஸுக்கு முதல் எழும்பிவிடும் என்பதால், அதில் மென்பொருள் தொடங்குவதை ஐந்து நிமிசம் பிந்த வையுங்கள். இல்லாவிட்டால் 13ஆவது கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.